கழற்றி வைத்த தண்டு

நம் சங்கத்து அன்பர்களில் சொந்த மோட்டார் வண்டி உடையோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. பத்தாண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவுக்கு வந்தோர் பெரும்பாலும் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் வந்திறங்கினர். இப்போது மண்டபத்து வாயிலில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. அவற்றுள்ளும் உயரமான ஜீப்புகளும், பின்புறம் திறந்த பெட்டியுடைய பிக்-அப் டிரக்குகளும் நம் இளைஞர் மனத்தைக் கவர்ந்துவிட்டன. வாங்கியவர் சும்மா இருப்பதுமில்லை. டயரை மாற்றுகிறார், வண்டியை உயர்த்துகிறார், கூரைமேல் விளக்கு பொருத்துகிறார். அண்மையில் இவற்றோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது: முன் சக்கரங்களுக்கு இடையே உள்ள ஓர் எஃகுத் தண்டைக் கழற்றிவிடுவது. இதைப் பற்றி எழுதும்படி சங்கத்துச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் எனக்கு இயந்திரக் கலையில் உள்ள புலமை அன்று. அத்தண்டு இல்லாத வண்டியில் நான் குடும்பத்தோடு பயணம் செய்தவன் என்பதே.

தண்டுக்குப் பல பெயர்கள் உண்டு. இவ்வூர் மிஸ்திரிகள் ஸ்டெபிலைசர் ராடு என்பர். அமெரிக்கர் ஸ்வே பார் என்பர். எங்கள் ரயில்வேயில் ஆன்டி-ரோல் பார். வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுப்பது அதன் தொழிலாகையால், இக்கட்டுரையில் சாய்வுத் தண்டு என்றே சொல்லிச் செல்கிறேன்.

வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், இருபுறமும் மடக்கப்பட்ட நீண்ட கம்பி ஒன்று ஒரு சக்கரத்திலிருந்து மற்றொரு சக்கரம் வரை குறுக்கே செல்வதைக் காணலாம். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் சட்டத்தோடு பிணைக்கின்றன. முனைகள் இரண்டும் சிறு இணைப்புக் கம்பிகளால் சக்கரத்தைத் தாங்கும் கைகளோடு சேர்க்கப்பட்டுள்ளன. இரு சக்கரங்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவு மேலெழுந்தால் தண்டு புஷ்களுக்குள் சுழன்று கொடுக்கும், வேறொன்றும் செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் எழுந்தால்தான் அதற்கு வேலை. அப்போது அது முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கின் விசையால் எதிர்ப்புறச் சக்கரத்தையும் மேலே இழுக்கிறது. வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது நிகழ்வதும் இதுவே. ஆகவே அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். சுருளாக இராமல் நேராக நீண்டிருப்பதால் பலருக்கு அது ஸ்பிரிங் என்று தோன்றுவதில்லை.

கம்பியின் கனத்திலும் ஒரு விந்தை உண்டு. அதன் விறைப்பு குறுக்களவின் நான்காம் மடியாக ஏறும். 25 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதிலாக 30 மில்லிமீட்டர் தண்டு போட்டால், கண்ணுக்குச் சிறிதே பருத்ததாகத் தெரியும். விறைப்போ இருமடங்குக்கும் மேலாகிவிடும். எனவே அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கம்பி என்று அதை எளிதாக எண்ணிவிடலாகாது.

என் மைத்துனர் இவ்வூர்ப் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். இயந்திரங்களில் ஆர்வம் மிகுந்தவர். 2023-ஆம் ஆண்டில், ஐவர் அமரும் அறையும் பின்னே திறந்த பெட்டியும் கொண்ட பிக்-அப் டிரக் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஞாயிறுதோறும் நண்பர்களோடு நர்மதைக் கரைப் பாறைகளுக்குச் சென்றுவிடுவார். 1990-இல் கட்டி முடிந்த பர்கி அணையின் நீர்த்தேக்கம் கோடையில் வற்றும்போது, கரையோரத்தில் வெடித்த கரிசல் மண்ணும் ஓடைப் பள்ளங்களும் மைல் கணக்கில் வெளிப்படும். இவர்களுக்கு அதுவே திருவிழா.

ஒருநாள் பள்ளம் ஒன்றைக் குறுக்காகக் கடக்கையில் வண்டி நின்றுவிட்டது. இடப்புற முன்சக்கரம் பாறைமேல் ஏறியிருந்தது. வலப்புற முன்சக்கரம் பள்ளத்துக்குமேல் அந்தரத்தில் வெறுமனே சுழன்றது. இதற்குச் சாய்வுத் தண்டும் ஒரு காரணம் என்பது உண்மை. ஏறிய சக்கரம் மற்றதையும் மேலே இழுத்துப் பிடிப்பதால் அது தரையைத் தொட முடிவதில்லை. டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டியோ இருபுறமும் சமமான விசையையே கொடுக்கக்கூடியது. ஒருபுறம் பிடிப்பின்றிச் சுழன்றால் மறுபுறத்துக்கும் விசை கிட்டாது. நண்பர்கள் கயிறு கட்டி இழுத்தனர். அன்று மாலையே ஒரு பட்டறையில் தண்டைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு அதே பள்ளத்தை வண்டி நொண்டாமல் கடந்ததாம்.

"அத்தான், அந்தக் கம்பி வண்டிக்குக் கால்விலங்கு மாதிரி. எடுத்த பிறகுதான் அதற்கு நடக்கத் தெரிகிறது" என்றார் என்னிடம்.

நானும் வண்டியில் ஏறிப் பார்த்து மெச்சியதை மறைப்பதற்கில்லை. நகரத்துத் தெருக்களில், ஒருபுறம் மட்டும் குழி வரும் இடங்களில், முன்பு உள்ளே இருப்பவர் தலை இடமும் வலமும் வெடுக்கென்று ஆடும். தண்டு போனபின் அந்த உதறல் குறைந்துவிட்டது. ஒரு சக்கரத்தின் துன்பத்தை மற்றதற்குச் சொல்வார் இல்லை அல்லவா! என் மாமியார்கூட, "இப்போது மெத்தை போட்டதுபோல் இருக்கிறது" என்றார். எனவே மீண்டும் மாட்டும் பேச்சே எழவில்லை. தண்டு சாக்குத் துணியில் சுற்றப்பட்டுத் தாழ்வாரத்தில் துளசி மாடத்துக்குப் பின்னால் கிடந்தது. மைத்துனர் தினமும் அதே வண்டியில் தொழிற்சாலைக்குச் சென்று வந்தார். ஐந்து மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

2024-ஆம் ஆண்டு புரட்டாசியில், நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, நாக்பூரில் உள்ள என் மனைவியின் அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டோம். அவ்வீட்டில் அவ்வாண்டு முதற்கொலு. மாமியார் தம் மூன்று பெட்டிப் பொம்மைகளில் ஒரு பெட்டியை மூத்த மகளுக்குக் கொடுக்க முடிவு செய்திருந்தார். வைக்கோல் திணித்துக் கட்டிய மரப்பெட்டியை ரயிலில் ஏற்றி இறக்க அவருக்கு மனமில்லை. ரயில்வே ஊழியனான நான் பாஸைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாலைவழி சென்றதற்கு அதுவே காரணம். மைத்துனர் வண்டியை ஓட்ட, நான் முன்னே அமர, பின்னே மாமியாரும் என் மனைவியும் எட்டு வயது மகளும் இருந்தனர்.

அச்சாலை நம்மவர் பலருக்குப் பழக்கமானது. முன்னாளில் காசியிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகவே சென்றது. 2010-இல் எண்களை மாற்றியபின் லக்னாதோன் வரை 34 என்றும், அதற்குத் தெற்கே 44 என்றும் ஆயிற்று. கோடை விடுமுறையில் சேலத்துக்கும் மதுரைக்கும் சொந்த வண்டியில் செல்லும் அன்பர்கள் முதலில் பிடிப்பதும் இச்சாலைதான். நல்ல சாலை, வேகம் தானாக ஏறும்.

லக்னாதோனுக்கு முன்னால் ஓரிடம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருந்தோம். மழை ஓய்ந்து சாலை ஈரமாக இருந்தது. இடது பாதையில் ஒரு பசு படுத்திருந்தது. இந்தச் சாலைகளில் மழைக்காலத்தில் மாடுகள் காய்ந்த தரை தேடித் தார்மேல் வந்து படுப்பது வழக்கம். மைத்துனர் வலப்புறம் திருப்பினார். நடுத்தடுப்பு நெருங்கவே மீண்டும் இடப்புறம் திருப்பினார். இதைச் சொல்ல எடுக்கும் நேரம்கூட அதற்கு ஆகவில்லை. முதல் திருப்பத்தில் வண்டி இடப்புறம் ஆழச் சாய்ந்தது. நிமிர்வதற்குள் இரண்டாம் திருப்பம் அதை வலப்புறம் தூக்கி எறிந்தது. அந்தக் கணத்தில் வண்டியின் பின்புறம் வழுக்கி, வாலை வீசியது. நாங்கள் சாலைக்குக் குறுக்காகச் சறுக்கி, இடப்புற மண்வரப்பில் இறங்கி, எதிர்த்திசையைப் பாதி பார்த்தபடி நின்றோம். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அவ்வளவே எங்களுக்கும் பெரிய விபத்துக்கும் இடையே இருந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. மகள் அழவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். மாமியார் இறங்கி நேரே பின்பெட்டிக்குச் சென்று பொம்மைப் பெட்டியைத் திறந்தார். தசாவதாரத்தில் வராகருக்கும் வாமனருக்கும் தலை போயிருந்தது. அவற்றைத் தம் முந்தானையில் பொதிந்துகொண்டு, தம் மகனைப் பார்த்து, "தம்பி, மெள்ளப் போ" என்றதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சிய தூரத்தை மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல் கடந்தோம். வண்டிக்குள் பேச்சில்லை.

ஈரச்சாலைதான் காரணம், யார் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று பின்னர் மைத்துனர் வாதித்தார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் கோச்சிங் டிப்போவில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பெட்டிகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களின் பட்டியலில் ஆன்டி-ரோல் பார் என்ற பெயரைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன்; எதற்கென்று கேட்டறிந்ததில்லை. நாக்பூரிலிருந்து திரும்பியதும் எங்கள் மேற்பார்வையாளர் ஒருவரைக் குழிமேடைக்கு அழைத்துச் சென்று காட்டச் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டபின்தான் எனக்கு விளங்கிற்று.

1955-இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டிகளை நாம் அறிவோம். அவற்றின் போகிகளில் இத்தண்டு கிடையாது. ஜெர்மனியிலிருந்து 2000-ஆம் ஆண்டளவில் வந்து, பின் கபூர்தலாவில் கட்டப்பட்ட எல்.எச்.பி. பெட்டிகளின் போகிகளில் உண்டு. ஏன்? புதிய பெட்டிகளில் பயணிகளுக்கு அலுப்புத் தெரியாதிருக்க மென்மையான சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். மென்மை மட்டும் இருந்தால் வளைவில் பெட்டி அளவுக்கு மீறிச் சாயும். அந்தச் சாய்வைத் தாங்க ஒரு தண்டையும் கூடவே வைத்தார்கள். "ஸ்பிரிங்கை மென்மையாக்க அனுமதி கொடுத்ததே அந்தத் தண்டுதான்" என்றார் மேற்பார்வையாளர்.

மோட்டார் வண்டியிலும் கதை இதுவே. பழைய வில்லிஸ் ஜீப்பில் சாய்வுத் தண்டு இல்லை என்று கழற்றுவோர் அடிக்கடி சொல்வர். உண்மைதான். ஆனால் அந்த ஜீப்பில் நான்கு மூலையிலும் விறைத்த பட்டை ஸ்பிரிங்குகள் இருந்தன; பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே சாய்வை ஓரளவு அடக்கும். அதில் ஏறியவர் முதுகு அறியும் அந்த விறைப்பை. அதன் வேகமும் இன்றைய வேகம் அன்று. இக்காலத்து வண்டியில் முன்புறம் மென்மையான சுருள் ஸ்பிரிங்கும் தண்டும் ஓர் இணை. தண்டை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டால், வண்டியைக் கட்டியவர் போட்ட கணக்கில் பாதியை அழித்துவிட்டு மீதியை நம்பி ஓட்டுகிறோம்.

இன்னொன்றும் அறிந்தேன், இதுவே என்னைத் திடுக்கிட வைத்தது. வளைவில் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்குப் பாரம் மாறுகிறது. மொத்தத்தில் எவ்வளவு மாறும் என்பது வண்டியின் உயரம், அகலம், வேகம் இவற்றைப் பொறுத்தது. தண்டால் அதைப் பெரிதும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் அந்த மாற்றத்தில் முன் சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது, பின் சக்கரங்கள் எவ்வளவு ஏற்பது என்று பங்கிடுவது முன்பின் விறைப்பு. முன் தண்டை மட்டும் நீக்கினால் முன்புறம் தளர்ந்து, பின்புறம் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. பிக்-அப் டிரக்கின் பின்புறமோ பாரம் ஏற்றுவதற்காக விறைத்த பட்டை ஸ்பிரிங் கொண்டது. பெட்டி காலியாக இருக்கையில் டயருக்குப் பிடிப்பும் குறைவு. ஆகவே முதலில் நழுவுவது வால். முன் நழுவினால் வண்டி திரும்ப மறுக்கும். வேகம் குறைத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வரும். வால் நழுவினால் குடும்பத்தோடு செல்லும் சாதாரண ஓட்டுநரால் மீட்பது அரிது. மின்னணு முறையில் சறுக்கலை அடக்கும் கருவியுள்ள வண்டிகள் உண்டு. அக்கருவியும் தண்டு இருக்கிறது என்ற கணக்கிலேயே அமைக்கப்பட்டது.

லக்னாதோன் சாலையில் நேர்ந்தது இதுதான். ஈரம் அதற்குத் துணை நின்றது. தண்டு இருந்திருந்தால் வழுக்கியே இராது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். இவ்வளவு எளிதில், முன்னறிவிப்பின்றி வழுக்கியிராது என்று நம்புகிறேன்.

காட்டுவழி செல்வோர் கட்சியையும் தள்ளிவிடுவதற்கில்லை. பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்பது நியாயமான தேவை. வண்டி கட்டுவோரே அதை ஒப்புக்கொண்டுள்ளனர். அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் ராங்லர் ரூபிகானில், ஒரு பொத்தானை அழுத்தினால் முன் தண்டு பிரிந்துவிடும் ஏற்பாடு வந்தது. ஆனால் மணிக்கு 18 மைல், அதாவது ஏறக்குறைய 29 கிலோமீட்டர், வேகத்தைத் தாண்டினால் தண்டு தானே மீண்டும் இணைந்துகொள்ளும். இந்த எண்ணை மைத்துனரிடம் காட்டியபோதுதான் அவர் வாதத்தை நிறுத்தினார். அந்த வண்டியைக் கட்டியவர்களே தண்டில்லாமல் 29 கிலோமீட்டருக்கு மேல் ஓட விடவில்லை. நாம் 80-இல் ஓடினோம்.

முன்புறம் ஒரே அச்சுக்கட்டை உள்ள அத்தகைய ஜீப்பில் தண்டைப் பிரித்தால் கிடைக்கும் ஆதாயம் பெரிது. இரு முன்சக்கரமும் தனித்தனிக் கைகளில் அசையும் நம் நாட்டுப் பிக்-அப்புகளில் ஆதாயம் குறைவு. ஏனெனில் கைகளின் நீளமே சக்கரம் இறங்கும் அளவுக்கு எல்லை கட்டிவிடுகிறது. இதையும் கழற்றுவதற்கு முன் எண்ணிப் பார்ப்பது நலம். மணலிலும் சேற்றிலும் சிக்குவோருக்குத் தண்டு ஒரு பொருட்டே அன்று. டயரில் காற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் வண்டி எழுந்துவிடும். கற்பாறைப் பள்ளங்களில் குறுக்காக ஏறுவோருக்கு மட்டுமே இந்த வேலை.

அவ்வாறு செல்வோர் செய்யவேண்டியது எளிது. பாதை தொடங்கும் இடத்தில், சமதரையில், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து வண்டியை நிறுத்தி, இணைப்புக் கம்பிகளை இருபுறமும் கழற்ற வேண்டும். ஒருபுறம் கழற்றினாலே தண்டின் வேலை நின்றுபோம் என்பது சரி. ஆயின் விடுபட்ட முனை ஊசலாடி டயரிலோ பிரேக் குழாயிலோ இடிக்கும். எங்கள் வண்டியிலேயே, முதலில் கழற்றிய பட்டறையார் ஓர் இணைப்புக் கம்பியை அகற்றாமல் நைலான் வாரால் கட்டி விட்டிருந்தனர். அது அவிழ்ந்து பிரேக் குழாயின் ரப்பரைச் சற்றே அரித்திருந்ததைத் திரும்ப மாட்டும்போதுதான் கண்டோம். தண்டில்லாத சக்கரம் முன்பைவிடக் கீழே இறங்கும் என்பதால், அக்குழாயும் ஏ.பி.எஸ். கம்பியும் இழுபடாத நீளம் உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாறைவழி முடிந்து தார்ச்சாலை தொடங்குமிடத்தில், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், அங்கேயே மாட்டிவிட வேண்டும். வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய நிலையில், கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவது முறை. பூட்டு நட்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிது போடுவது நன்று. அவை விலை மிக்கவை அல்ல.

கொலு முடிந்து திரும்பிய ஞாயிறன்று நானும் மைத்துனரும் தாழ்வாரத்தில் கிடந்த தண்டை எடுத்துத் துருவைத் தேய்த்தோம். நடுப் புஷ்கள் இரண்டும் இறுகி வெடித்திருந்ததால் புதிது வாங்கினோம். மாட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. பழக்கமாகிவிட்டபின் இப்போது பர்கிக் கரையில் கழற்றவும் மாட்டவும் தலைக்கு அரைமணிக்குமேல் ஆவதில்லை. அந்த அரைமணிக்காகத்தான் ஐந்து மாதம் சோம்பியிருந்தோம். நகரத்துக் குழிகளில் தலை மீண்டும் ஆடுகிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் குறைகூறவில்லை.

வராகரையும் வாமனரையும் நாக்பூரில் ஒரு குயவர் ஒட்டிக் கொடுத்தார். கழுத்தில் வெள்ளைக் கோடு தெரியத்தான் செய்கிறது. மாமியார் இப்போதும் ஊர்ப் பயணத்துக்கு வண்டியில் ஏறுமுன், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "கம்பி மாட்டியிருக்கிறதா?" என்று கேட்பார். மைத்துனர் இருக்கையிலிருந்து பதில் சொன்னால் அவருக்குப் போதாது. குனிந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.